மதியழகன் கோட் போட்டதே இல்லை

மதி போய்விட்டான்.

மைன்ஸில் என்னோடு ஒரே கான்ட்ராக்டில், ஒரே ஷிஃப்டில் எலக்ட்ரீஷியனாக இருந்த மதியழகன். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

யாரும் எனக்கு போன் செய்து சொல்லவில்லை. இன்று காலை பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, அவன் ஊர் முத்தாண்டிக்குப்பம் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி... கீழே அவன் பெயர்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

மதியின் தலை. அதற்குக் கீழே எவனுடைய உடம்போ! நீலக் கோட்டு, சிவப்பு டை, பாக்கெட்டில் பேனா.

நண்பர்களே, மதி வாழ்நாளில் கோட் போட்டதே இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு கொண்டு வந்தவர்களிடமே, "இத்தப் போட்டுக்கினு நா என்னா பேண்டு வாத்தியமா வாசிக்கப் போறன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவன்.

அந்தத் தலையை எந்த போட்டோவிலிருந்து வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்ததே நான்தான்.

மதிக்கு வீடியோ கேம் பைத்தியம் உண்டு. அதில் ஒரு கேம்... நெருப்பாய்க் கொதிக்கும் ஏதோ ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறவனின் கதை. பகலெல்லாம் மைன்ஸில் வெந்துவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் மைன்ஸா என்று நாங்கள் ஓட்டாத நாள் இல்லை.

அந்த ஹீரோ போட்டிருக்கும் கவசத்தை அப்படியே செய்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று கிளம்பினான். சும்மா அட்டையில் வெட்டி பெயிண்ட் அடிப்பது இல்லை... வேலை செய்ய வேண்டும்!

இடது கையில் ஒரு வரிசை விளக்கு. உடம்புச் சூடு சரியாக இருந்தால் பச்சை, ஏறினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. கேமில் இருப்பதைப் போலவே. அதற்காக அக்குளில் சென்சார் ஒட்டிக்கொண்டு திரிந்தான்.

ஜிம்மில் தரைக்குப் போடும் ஃபோம் பாயைச் சூடுகாட்டி வளைத்து மார்புக் கவசம். பைக்குக்கு அடிக்கும் பெயிண்ட். மாட்டிக் கழற்ற வெல்க்ரோ தைத்தது அவன் மனைவி கலா.

முதல் தடவை மே மாத வெயிலில் போட்டுப் பார்த்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சடசடவென ஏறி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. ஃபோமுக்குள் ஆளே அவிந்து போயிருந்தான்! "மச்சி, கரெக்டா வேல செய்யுதுடா!" என்று குதிக்கிறான். கழற்றுடா பாவி என்று நானும் கலாவும் பிய்த்து எடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை முதுகில் வைத்தான். அதைப் போட்டுக்கொண்டு மைன்ஸ் டவுன்ஷிப்புக்குள் என்னைப் பார்க்க வந்தபோது கேட்டில் செக்யூரிட்டி பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் ஒயர்... பிடிக்காமல் என்ன செய்வார்?

நான் ஓடிப் போய்ப் பார்த்தால், செக்யூரிட்டி மதியின் முதுகுப் பக்கம் நின்று ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார். "சார், எனுக்கும் ஒண்ணு செஞ்சி குடுக்கச் சொல்லுங்க சார், நிக்க முடியல இந்த வெயில்ல."

அன்று சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த போட்டோதான் அது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இடது கையை மார்புக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு.

அதைத்தான் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள். கை விளக்கின் பச்சை வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருந்ததே, அதை மட்டும் டிசைனரால் அழிக்க முடியவில்லை.

ஃப்ளெக்ஸுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார்: "காமால முத்திப் போச்சில்ல... பாரு, கன்னமெல்லாம் பச்ச பூத்துக் கெடக்குது."

ஐயா பெரியவரே! அது நோய் இல்லை! அந்தப் பச்சை எரிந்தால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்!

கத்தியேவிட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அவன் வீட்டுக்குப் போனேன். மதியின் அண்ணன்தான் ஃப்ளெக்ஸ் அடித்தவர். கேட்டேன். இழவு வீடு என்றும் பார்க்காமல் கேட்டேன்.

"பாயச் சுத்திக்கினு வேசம் கட்ன போட்டோவ நடு ரோட்ல வைக்கச் சொல்றியா? நாலு பேரு வர்ற எடத்துல தம்பி மரியாதயா இருக்க வாணாமா?" என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

மரியாதையாம்! செத்தவனின் தலையை எடுத்து எவன் உடம்பிலோ ஒட்டுவதா மரியாதை? எத்தனை மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்து விரலைச் சுட்டுக்கொண்டு செய்தான் அவன். கிண்டல் செய்தவனுக்கெல்லாம் மாட்டிக் காட்டினானே... அதற்கு இருக்கும் மரியாதை வாடகைக் கோட்டுக்கு உண்டா? அதுகூட வாடகை இல்லை, கம்ப்யூட்டரில் இருந்த கோட்டு!

இன்னும் ஏதேதோ பேசியிருப்பேன். கலா உள்ளேயிருந்து கூப்பிட்டார். சுவரோரம் அதே கோட்டுப் படம், ஃபிரேம் போட்டு. முன்னால் மாலை... தரையில் கிடந்தது.

"அண்ணே, அந்த முழு போட்டோ ஒங்ககிட்ட இருக்குதா? காலைலேர்ந்து மாலயப் போடச் சொல்லிக்கினே இருக்காங்க. கழுத்துக்குக் கீழ வேற ஆம்பளயா இருக்குது... எப்டிண்ணே போடுவன்?"

கலா, அனுப்பிவிட்டேன். பண்ருட்டி ஸ்டுடியோவில் ஃபிரேமும் சொல்லியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் நானே கொண்டு வருகிறேன்.

இங்கேயும் அதையே போடுகிறேன். பகிர்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் பகிருங்கள்.

போய் வாடா மதி.