ஹகரம் இல்லாத வீடு

எங்கள் வீட்டில் ஹகரம் கிடையாது. உப்பு, புளி தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம். ஹகரம் எங்கள் பரம்பரையிலேயே யார் வாயிலும் இருந்ததில்லை. கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளியில் தமிழிலேயே பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அப்பா கொத்தனார் வேலைக்கு மைசூருக்கு வந்து, ஒற்றை அறை பிடித்து, பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கன்னடப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோதுதான் எங்கள் வீட்டுக் குறை வெளியே தெரிந்தது.

சேர்ந்த வாரத்தில் டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கன்னடத்தில் பாலுக்கு ஹாலு என்று பெயர். அரை டம்ளர் பால் குடித்ததைச் சொல்ல நினைத்து, "அர்த லோட்டா ஆலு" என்றேன். ஹகரம் போனதும் கேட்டவர்கள் காதில் பால் ஆளாகிவிட்டது. முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தி திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்து, "அர்த ஆளு!" என்றாள். அரை ஆள். வகுப்பிலேயே குள்ளம் வேறு நான். பெயர் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது. அதன்பிறகு இரண்டு மாதம் நான் பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டினேன்.

சுதந்திர தினத்துக்குப் பத்து நாள் இருந்தபோது டீச்சர், கொடியேற்றிய பிறகு மேடையில் நம் ஊரைப் பற்றி ஐந்து வரி பேச வேண்டும், யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார். பார்த்தால் என் கை மேலே இருந்தது. இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்த கோபம்தான் அதைத் தூக்கியிருக்க வேண்டும். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பிழையில்லாமல் சொன்னால் நீதான், இல்லாவிட்டால் முதல் பெஞ்சுக்காரி என்று முடித்துவிட்டார். எழுதிக்கொடுத்த ஐந்து வரியிலும் ஹூவு, ஹண்ணு, ஹக்கி என்று பூவும் பழமும் பறவையுமாக ஹகரம் மண்டிக் கிடந்தது.

அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹகரம் சரியாக வந்தால் கண்ணாடியில் ஆவி படியும், வராவிட்டால் படியாது. இதை நானேதான் கண்டுபிடித்தேன். இன்றுவரை அதில் எனக்குப் பெருமை உண்டு. "போதும் புள்ள, இருக்கற மூச்செல்லாம் கண்ணாடிக்கே போயிருமாட்ட இருக்குது" என்றாள் அம்மா. நான் விடவில்லை. நான்கே நாளில் ஹகரம் வந்துவிட்டது. வந்தது போக மறுத்தது. அப்பாவை ஹப்பா என்றேன். கன்னடக் காதுக்கு அது பண்டிகை. "என்ன கண்ணு, தெனமும் என்னயப் பண்டிகையாக்கிப் போடற" என்றார் அவர். அரிசிக்கு அக்கி என்று பெயர். கடையில் போய், "ஒந்து கேஜி ஹக்கி கொடி" என்று ஒரு கிலோ பறவை கேட்டேன். கடைக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்து, "ஹக்கி ஹாரிஹோய்து, மகு" என்றார். பறந்து போய்விட்டதாம். கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்து, மறுபடி கண்ணாடியை எடுத்தேன். ஊதிய ஆவி விலக விலக, மூக்கு சிவந்த ஒரு முகம் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு முன் நான் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. இவள் அரை ஆள் இல்லை என்று உறுதியாகத் தோன்றியது. நோட்டின் நடுவே கோடு போட்டு, ஹகரம் வேண்டிய சொற்களை ஒரு பக்கமும் வேண்டாதவற்றை மறுபக்கமும் எழுதிப் படித்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து வரியையும் சொல்லி முடித்ததும் டீச்சர், "ஆயிது, நீனே" என்றார்.

மேடையில் மூன்றாவது வரியில் ஹூவு ஊவாகிவிட்டது. கீழே யாரோ "அர்தாளு" என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது. நிறுத்தினேன். மூச்சை நன்றாக இழுத்து, அதே வரியை முதலிலிருந்து, மைக் இரையும்படி சொன்னேன். மீதி வரிகள் தாமாக வந்தன. கைதட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்கியதும் ஓர் அம்மா வந்து என் கன்னத்தைத் தடவினார். முதல் பெஞ்சுக்காரியின் அம்மா. மண்டியா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். "எஷ்டு செந்தாகி ஏள்தே, கூசே! தகோ, அண்ணு தின்னு" என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னாய் குழந்தை, இந்தா பழம் தின்னு என்று வாழைப்பழத்தை நீட்டினார். அந்தக் கிராமங்களிலும் ஹகரம் கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? "அண்ணு அல்ல, ஹண்ணு" என்று எல்லார் முன்னாலும் திருத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "தித்தபேடா. அவளு ஹாகே மாத்தாட்லி" என்றாள். திருத்தாதே, அவள் அப்படியே பேசட்டும். சற்று யோசித்து, இனி உன்னை அர்தாளு என்று கூப்பிட மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். நல்ல பேரமாகப் பட்டது, ஒத்துக்கொண்டேன். பழத்தைப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்றோம். ஏழாம் வகுப்பு வரை பிறகு ஒரே பெஞ்சுதான்.

என் அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டீச்சர் அவளிடம் போய் என்னைப் பாராட்டி ஏதேதோ கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள். ஒரு சொல்லும் பதிலுக்குப் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், "ஏம்மா, டீச்சர்கிட்ட ஒண்ணுமே பேசல?" என்று கேட்டேன்.

"நீதான சாமி காத்தால சொன்ன, பள்ளிக்கொடத்துல வாயே தொறக்காத, உனக்குச் சரியா வராதுன்னு."

சொல்லியிருந்தேன்தான். சொன்னதையே மறந்திருந்தேன். அம்மாகூட என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.