பாலமும் தெருவும் சந்திக்காத இடம்

என் அக்கா நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவள். ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒவ்வொரு தெருவிலிருந்தும் மேட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கணக்கிடுவது அவள் பார்த்த கடைசி வேலை. சீக்கிரம் தப்பிக்கக்கூடிய தெருவுக்குப் பச்சை. தாமதமாகும் தெருவுக்குச் சிவப்பு. சிவப்புத் தெருக்களுக்குத்தான் எச்சரிக்கை முதலில் போகும், பேருந்தும் முதலில் வரும்.

நாங்கள் குடியிருக்கும் பள்ளத்துத் தெரு பச்சையாக வந்தது. அவளுக்கு உறுத்தியது. மழை நாளில் அந்தத் தெருவைவிட்டு வெளியே வர என்ன பாடு என்று அவளுக்குத் தெரியாதா? திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கள் தெருவுக்கு மேலே ஒரு மேம்பாலம் குறுக்கே போகிறது. வரைபடத்தில் இரண்டும் வெறும் கோடுகள். அவை வெட்டிக்கொண்ட இடத்தை யாரோ சாலைச் சந்திப்பு என்று குறித்துவிட்டார்கள். ஆகவே கம்ப்யூட்டர் எங்களையெல்லாம் தெருவிலிருந்து நேராகப் பாலத்தில் ஏற்றி மேட்டுக்கு அனுப்பியிருந்தது.

அந்தச் சந்திப்பை அழித்தாள். தெரு முழுக்கச் சிவந்தது. சந்தையைச் சுற்றிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியே இல்லை.

அதிகாரி பச்சை வரைபடத்தை ஏற்கெனவே மேலிடத்தில் காட்டிப் பாராட்டு வாங்கியிருந்தார்.

"இப்ப போய் சிவப்புன்னா என் மூஞ்சிய எங்கேம்மா வச்சுக்கறது?"

"அப்ப பாலத்துக்கு ஒரு ஏணி வாங்கிக் குடுங்க சார். பச்சையாவே விட்டுடறேன்."

"கிண்டலா? உயிருக்கு ஓடறவன் எப்படியாவது ஏறிடுவான்."

இதை அவர் குரலிலேயே வீட்டில் நடித்துக் காட்டினாள். மூட்டுவலியால் கட்டிலைவிட்டு இறங்க முடியாத அம்மா சிரித்தாள். "ஏணிய ரெண்டா வாங்கச் சொல்லுடி. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு வழி விடமாட்டா."

அக்கா விடவில்லை. பாலத்தூண்களைப் படமெடுத்து அனுப்பினாள். மனுவுக்கு மேல் மனு எழுதினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது. சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் படுத்த பிறகும் அதே பேச்சுதான்.

"நீ மொதல்ல உடம்பப் பாருக்கா."

"உடம்ப டாக்டர் பாக்கறார்டா. மேப்ப எவன் பாக்கறான்?"

மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டாள்.

போன வாரம் வரைபடத்துக்குப் பொதுமக்களின் ஒப்புதல் கேட்டுக் கூட்டம் நடந்தது. திரையில் எங்கள் தெரு மறுபடியும் பச்சை. எழுந்து மைக்கை வாங்கி, அது தவறு என்றேன், ஏன் என்றும் சொன்னேன். பாதியிலேயே அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார்.

"கூடப் பொறந்தவங்களப் பறிகுடுத்த வேதனை. புரியுது தம்பி. உக்காருங்க."

"வேதனை இருக்கட்டும் சார். நான் பாலத்தப் பத்திப் பேசறேன்."

"தெரியும் தம்பி, தெரியும்."

மைக் அவர் கைக்குப் போய்விட்டது. யாரோ என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். கூட்டம் முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கத்தியிருந்தால் அழுகிறான் என்றிருப்பார்கள்.

இந்த வரைபடத்துக்காக இரவு பகலாக உழைத்த சகோதரிக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றார் அதிகாரி. எல்லோரும் எழுந்தார்கள். அவளுக்கான மௌனத்தை நானே எப்படிக் கலைப்பது? வாயை மூடிக்கொண்டு நின்றேன். உட்கார்ந்ததும் ஒப்புதல் கேட்டார். கைகள் உயர்ந்தன.

அக்காவுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.