அக்காவை அழைத்துவரப் போய் ஊற்றுக்கால் வெட்டிய கதை

விளைந்ததைத் தின்று, தேவையைக் குறைத்துக்கொண்டு, நகரிப் பக்கம் எங்காவது ஆற்றங்கரையில் வாழ ஆசையாக இருக்கிறது, போய்ப் பார்க்க வழி சொல்லுங்கள் என்று வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். அப்படி வாழ்ந்த ஒரு வீட்டில் நான் தங்கியிருக்கிறேன். நடந்தது 1960 பங்குனியில். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்கும் சத்தியவேடு ஆந்திராவுக்கும் என்று ஊர்களைப் பிரித்துக்கொடுத்த சமயம். எனக்கு இருபது வயசு.

அந்த வீடு என் சரோஜா அக்காவுடையது. அவள் புருஷன் முனிரத்தினம் மாமா சென்னையில் அச்சாபீஸில் வேலை பார்த்தவர். கல்யாணமான மறு வருஷமே வேலையை விட்டுவிட்டு, விஜயபுரத்துக்குத் தெற்கே தன் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கருக்குப் போய்விட்டார். அக்காவும் சிரித்துக்கொண்டே கூடப் போனாள். அம்மாவுக்கு அதைத் தாங்கவே முடியவில்லை. அந்தப் பங்குனியில் அக்காவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும். "அங்கயே பெத்துக்கிட்டா குழந்தை தெலுங்குலதான் அழும், போய்க் கூட்டிக்கினு வா" என்று அம்மா என்னை விரட்டினாள். ஆபீஸில் நாலு நாள் லீவு கிடைத்தது.

காலை பாசஞ்சரில் ஏறினேன். அரக்கோணம், திருத்தணி தாண்டி ஏகாம்பரகுப்பத்தில் இறங்கவேண்டும். அறுபது மைலுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய், வெள்ளைச் சட்டையில் படிந்த கரி இனாம். அங்கிருந்து விஜயபுரத்துக்கு பஸ். நயா பைசா வந்து சில வருஷம் ஆகியும் கண்டக்டர் ஆறணா என்றுதான் கேட்டார். பாதி வழியில், "இப்ப நாம எந்த ராஜ்ஜியத்துல இருக்கோம்?" என்று அவரைக் கேட்டேன். "பஸ்சுலதான் இருக்கோம், ஒக்காருபா" என்றார். விஜயபுரத்திலிருந்து வேர்க்கடலைக் கொல்லைகள் வழியாக இரண்டு மைல் நடை.

வீடு என்றால் மண் சுவர், பனை ஓலைக் கூரை, பின்னால் ஒரு பசு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றரை ஏக்கருக்குள் கடை வீதியே இருந்தது. அரை ஏக்கர் நெல், மீதியில் வேர்க்கடலை, கேழ்வரகு, வேலியோரம் அவரை, ஆமணக்கு. சொந்தக் கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெய், ஆமணக்கு எண்ணெயில் விளக்கு, மாட்டுச் சாணம் திரும்ப நிலத்துக்கு. கடையில் வாங்குவது உப்பும் தீப்பெட்டியும் துணியும்தான். "காபி?" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். பட்டணத்தில் மெலிந்து கிடந்தவள், கன்னமெல்லாம் பூசினாற்போல் நன்றாக இருந்தாள். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் முதல் கவலை.

அம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னேன். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முந்தைய வாரம் மண்வெட்டி பாதத்தில் இறங்கி, கட்டுப் போட்டிருந்தது.

"கூட்டிக்கினு போ மச்சான். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"இன்னாத்தப் பாத்துக்கறது? ஒத்தக் கால்ல நின்னுக்கினு கால்வா வெட்டுவியா?" என்று அக்கா அவர் மேல் பாய்ந்தாள்.

விஷயம் இதுதான். அந்த ஊர் வயல்களுக்கு ஊற்றுக்கால் பாசனம். பங்குனியில் ஆறு வெறும் மணலாகத்தான் தெரியும், தண்ணீர் அடியில் ஓடும். மணலைத் தோண்டி ஊற்றைப் பிடித்து, வாய்க்காலாக வெட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். வெயில் ஏற ஏற ஊற்று கீழே இறங்கும், வாய்க்காலையும் ஆழப்படுத்தவேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்கை வெட்டவேண்டும். ஆள் வராத வீட்டுக்கு அந்தச் சுற்றில் தண்ணீர் கிடையாது. கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பவும் கூடாது. நாளைக்குக் காலையில் வெட்டு. நெல் பால் பிடிக்கிற நேரம், இந்தச் சுற்றுத் தண்ணீர் தவறினால் அத்தனையும் பதராகிவிடும். அந்த அரை ஏக்கர்தான் அவர்களுடைய வருஷத்துச் சோறு. அது போனால் மாமா திரும்ப அச்சாபீஸ் வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

"புள்ளத்தாச்சின்னு சொன்னா விடமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு விட்டா நாளைக்கு அல்லாருக்கும் விடணும். அப்புறம் யாருதான் வெட்டுவா? நானே கேக்கமாட்டேன்" என்றாள் அக்கா.

ராத்திரி கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் போட்டாள். பசியில் மூன்று உருண்டை உள்ளே போயிற்று. விடிந்ததும் மாமாவின் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே ஆற்றுக்குப் போனேன். வீரம் ஒன்றுமில்லை. அக்கா எழுந்து புடவையை வரிந்து கட்டுவதைப் பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகு படுத்திருக்க முடியவில்லை.

ஆற்றில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். அக்கரை ஊர் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்களும் அதே ஊற்றை வெட்டத்தான் வந்திருந்தார்கள். ஒருவர், "இன்னிக்கி ஊத்து தமிழா தெலுங்கா?" என்று கேட்க, இன்னொருவர், "மொதல்ல வரட்டும் பாவா, அப்பறம் பேர் வெப்போம்" என்றார்.

தண்ணீர் முறை பார்க்கும் நீர்க்கட்டி ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

"யாருபா நீ? கூலி ஆளு ஒத்துக்கமாட்டோம்."

"முனிரத்தினத்தோட மச்சான். அவர் வீட்டுக்காக வந்திருக்கேன்."

"மச்சான்னா நீ வேற வூடு. அது செல்லாது." கொஞ்சம் யோசித்தார். "ராத்திரி எங்க துன்ன?"

"அக்கா வீட்லதான்."

"அடுப்பு அவளுதுதானே? வெளிய வாங்கி இல்லியே?"

"அக்கா கிண்டின களி. மூணு உருண்டை."

எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலை கையை ஓங்கித் தட்டினார். "அந்த ஊட்டு ஒலையில துன்னவன் அந்த ஊட்டு ஆளுதான். எறங்குபா, சட்டயக் கயட்டிட்டு எறங்கு."

இறங்கினேன். மணல் வெட்டுவது எழுதப் படிக்க நன்றாக இருக்கும். நான் அள்ளிப் போட்ட மணல் அப்படியே சரிந்து என் காலடிக்கே வந்தது. பக்கத்துப் பங்குக்காரர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "தள்ளி வீசுபா, ஒன் தலைலயே வீடு கட்டிக்காத" என்றார். உச்சி வெயிலுக்குள் இரண்டு கையும் கொப்புளம். ஒரு கட்டத்தில் கால் விரலுக்கிடையில் சில்லென்று ஏதோ ஏறியது. குனிந்து பார்த்தால் தண்ணீர். ஒன்றும் இல்லாத மணலிலிருந்து, தானாக, தெளிவாக வந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை அக்கா வீட்டு முறை. மாமா வரப்பில் உட்கார்ந்து வழி சொல்ல, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடையைத் திறந்தாள். தண்ணீர் பயிருக்குள் போகிற சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இப்ப வரியாக்கா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு தண்ணி பாக்கி இருக்குடா. அவரு காலு ஆறணும், மாட்டப் பாக்கணும். அம்மா என்னைக் கட்டில்ல உக்காத்தி வெச்சிக் கொஞ்சும், தெரியும். எனக்கும் ஆசையாத்தான் இருக்குது." மடை வாயில் கிடந்த மண்ணாங்கட்டியைக் காலால் தள்ளினாள். "ஆனா இது நாங்க வெச்ச பயிரு. நடுவுல உட்டுட்டு வரமாட்டேன். அம்மா கைல நீயே சொல்லிடு."

லீவு முடிந்து தனியாகத்தான் திரும்பினேன். கையில் ஒரு தூக்குக் கடலை எண்ணெய், ஒரு மூட்டை அவரைக்காய்.

அந்தப் பக்கம் இப்போது போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயிலில் இன்றும் ஏகாம்பரகுப்பம்தான் வசதி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். சொந்த இருசக்கர வண்டி இருந்தால் கிராமங்களுக்குள் சுற்றுவது சுலபம். தண்ணீரும் தொப்பியும் அவசியம். காபிப் பைத்தியங்கள் தூளை எடுத்துப் போங்கள். நிலம் வாங்கி எளிமையாக வாழப்போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எளிமையாக வாழலாம், ஆனால் தனியாக வாழ முடியாது. கடையில் எதுவும் வாங்காத என் அக்காவுக்கு, அவளுக்கு முன்னும் பின்னும் மண் வெட்ட முப்பது வீடு வேண்டியிருந்தது. நிலம் பார்க்கும் முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள். கூடத்தில் அக்காவுக்காகக் கட்டில் போட்டு, புது உறை மாட்டிய தலையணை வைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக்காயை முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக நார் உரித்தாள். பாதியில் நிறுத்தி, "அங்க மருத்துவச்சி உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "பசு பால் கறக்குதா?" கறக்கிறது என்றேன்.

"அவளால வர முடியலன்னா விடு. தாய் இருக்கிற எடம்தானே தாய் வீடு. என்னைக் கொண்டுபோய் விடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பாசஞ்சர், அதே பஸ், அதே இரண்டு மைல். அக்கா வயலில் நின்றிருந்தாள், முழங்கால் வரை சேறு. அம்மாவைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா டிரங்குப் பெட்டியை வரப்பில் வைத்தாள், அக்காவைப் பிடித்து அதன் மேல் உட்காரவைத்தாள், வாய்க்காலில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவள் காலைக் கழுவ ஆரம்பித்தாள்.