பன்னிரண்டாவது நாடு

கோதுமை மாப் பசையின் புளித்த வாசனைதான் எனக்கு உலகத்தின் வாசனை. கல்முனைக்குடியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், கிடுகு வேய்ந்த கொட்டிலில் நடந்த எங்கள் பாலர் பள்ளியான 'நேசரி'க்குப் பரீதா டீச்சர் ஒரு பால்மா டின் நிறையப் பசை காய்ச்சிக் கொண்டுவருவார். நாங்கள் அதை விரலால் தொட்டுத் தொட்டு, கடதாசிக் கொடிகளை உலகப் படத்தில் ஒட்டுவோம்.

வாரத்துக்கு ஒரு நாடு என்பது டீச்சரின் கணக்கு. ஜப்பான் வாரத்தில் ஒழுங்கையில் போன ஆடுகளுக்குக்கூடக் குனிந்து வணக்கம் வைத்தோம். சீன வாரத்தில் இரண்டு ஈர்க்குகளால் அவித்த கடலையைக் கவ்வப் பார்த்துத் தோற்று, கையாலேயே அள்ளித் தின்றோம். மூக்கோடு மூக்கு உரசும் நியூசிலாந்து வாரத்தின் முடிவில் அத்தனை பேருக்கும் தும்மலும் தடிமனும்.

கடைசியாக வந்தது எங்கள் ஊர். டீச்சர் எங்களைக் கைகோத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் இருத்தி, "இந்தக் கரையில வந்து இறங்கின ஆக்களும், இங்கயே இருந்த ஆக்களும் கலந்துதான் புள்ளைகள் நாம. காரைதீவுல தமிழாக்கள்ர கலியாணம் எண்டாலும் குரவைதான், நம்மட ஊட்டுல கலியாணம் எண்டாலும் குரவைதான்" என்று சொல்லி, நாக்கைச் சுழற்றி ஒரு குரவை இட்டார். மீன் கூடையோடு போன ஒருத்தர் நின்று திரும்பிப் பார்த்தார். சந்தோசம் வந்தால் எங்கள் பெண்கள் எழுப்பும் அந்த ஓசையை அதற்கு முன்பு நான் கலியாண வீடுகளில் கேட்டிருந்தேன். அது எங்கள் ஊரின் அடையாளம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆண்டு முடிவில் வரும் 'விடுகை விழா'வுக்குப் பதினொரு பிள்ளைகள் பதினொரு நாடுகள். பன்னிரண்டாவதாக எங்கள் ஊர். வகுப்பிலேயே நன்றாகக் குரவையிடுகிறவள் என்பதால் அது எனக்குக் கிடைத்தது. மருதமுனைக் கைத்தறித் துணியொன்றைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு, வீடு முழுக்கக் குரவையிட்டுத் திரிந்தேன்.

விழாவுக்கு நான்கு நாட்களுக்கு முன் நேசரித் தலைவர் ஒத்திகை பார்க்க வந்தார். ஊரார் அவரை ஹாஜியார் என்றுதான் அழைப்பார்கள். நல்ல மனிதர், நாங்கள் உட்கார்ந்த கதிரைகளும் தண்ணீர் குடித்த குழாயும் அவர் தந்தவை. என் முறை வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், இது தமிழாக்கள்ர பழக்கம். மார்க்கத்துல இல்லாதத்தப் புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்காதீங்க."

"ஏன் ஹாஜியார், உங்கட கலியாணத்துல உங்கட உம்மா குரவை போடல்லியா?"

"அது ஒண்டும் தெரியாத காலம்."

"ஜப்பான்காரன் குனியிறத்த மேடையில செய்யலாம், நம்மட உம்மாமார் செஞ்சத்தச் செய்ய ஏலாதா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "செஞ்சா, வாற வருசம் இங்க வேற டீச்சர் பாக்க வேண்டி வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சரின் வாப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருடைய மருந்து இந்தச் சம்பளத்தில்தான் வந்தது. டீச்சர் என் முன்னால் குந்தியிருந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மகள், நீ கொடியப் புடிச்சிட்டு நிண்டாக் காணும், குரவை வேணாம்" என்றார்.

வீட்டுக்குப் போய் அழுதேன். தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்த உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டீச்சர் பாவம், கொடியப் புடி" என்றார். பிறகு மெசினை நிறுத்தி, "வாய் ஆர்ர, ஹாஜியார்ரயா உன்டயா?" என்று கேட்டார்.

"என்ட."

உம்மா மறுபடி மெசினை மிதிக்கத் தொடங்கினார்.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. தன் உம்மாவின் வீட்டுச் சட்டையைக் கிமோனோவாக உடுத்த ஜப்பான் கால் தடுக்கி விழுந்தது, அதற்கும் கைதட்டினார்கள். பன்னிரண்டாவதாக நான் போய், கொடியைத் தரையில் கிடத்திவிட்டு, வாயைத் திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றபோது எலி கீச்சிட்டதுபோல் ஏதோ வந்தது. யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஹாஜியார் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

அப்போது என் பின்னாலிருந்து, ஒலிபெருக்கி வழியாக, மண்டபமே அதிரும்படி ஒரு குரவை எழுந்தது. நிகழ்ச்சிகளை அறிவித்துக்கொண்டிருந்த டீச்சர், மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். எனக்கும் நாக்கு அவிழ்ந்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் உம்மா, பிறகு யார் யாரோ. ஹாஜியாரின் மனைவியும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு இட்டார் என்று உம்மா பின்னாளில் சொன்னார். அதை நான் பார்க்கவில்லை.

ஹாஜியார் சொன்ன சொல் தவறவில்லை. தை மாதம் நேசரிக்கு வேறு டீச்சர் வந்தார். பரீதா டீச்சர் தன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து ஆறு பிள்ளைகளோடு தொடங்கினார். அந்த ஆறில் ஒருவன் என் தம்பி. "ஹாஜியாரப் பகைச்சிக்கிட்டு எப்பிடிக் கடை நடத்துற?" என்று கடைக்காரரான என் வாப்பா தடுத்தார். உம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கொட்டில் இருந்த ஒழுங்கையைச் சில ஆண்டுகளில் கடல் வந்து கொண்டுபோயிற்று. டீச்சரும் இப்போது இல்லை. இன்றைய நேசரிகளுக்கு ஆங்கிலப் பெயர். விழாவில் பிள்ளைகள் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டுப் பட்டம் வாங்குகிறார்கள். கலியாண வீடுகளில் பாட்டுப் பெட்டிதான் சத்தம் போடுகிறது. நான் இதற்காக அழுகிறவள் அல்ல, கோபப்படுகிறவள்.

போன மாதம் என் சாச்சியின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை படியேறும்போது நான் குரவையிட்டேன், யாரும் சேரவில்லை. பக்கத்தில் நின்ற இளம்பிள்ளை ஒருத்தி என் காதோரம் குனிந்து, "ராத்தா, இது நம்மட இல்லயாம்" என்றாள்.

"ஆர் சொன்ன?"

"எல்லாரும்தான்."

"நான் சொல்லல்லயே" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தபடியே, முதலாவதைவிட நீளமாக, இன்னொன்று இட்டேன்.