ஏகாம்பரம் சாரிடம் நான் சொன்ன பொய்

ஏகாம்பரம் சார் போய்விட்டார் என்று பக்கத்து லாட்ஜ் கோபி எனக்குப் போன் செய்தபோது காலை ஏழு மணி இருக்கும். "அக்கா, நம்ம சார் தவறிட்டாருக்கா. வாக்கிங் போய்க்கினு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம்" என்றான். எனக்கு அழுகை வரவில்லை, மாடியைத்தான் நிமிர்ந்து பார்த்தேன். வைகாசி கருட சேவைக்காக நெல்லூரிலிருந்து வந்தவர்கள் என் லாட்ஜின் இரண்டாம் மாடி முழுக்கத் தங்கியிருந்தார்கள். பாதிப்பேர் முட்டிவலிக்காரர்கள். அவர்கள் இறங்கி வர ஒரே ஒரு படிக்கட்டு. பின்படிக்கட்டுக்குப் போகும் கதவை மறித்துக்கொண்டு என் பீரோ நிற்கிறது. அது இன்னும் அங்கே நிற்பது தெரியாமலே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் படத்திறப்புக்கு வந்திருக்கும் லாட்ஜ்காரர்களில் அவரைத் தெரியாதவர் யாருமில்லை. தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே மொபெட்டை எடுத்துக்கொண்டு, நம் காஞ்சிபுரத்தில் லாட்ஜ் லாட்ஜாக, ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கத் தொடங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "புகை வந்தா எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி, வணக்கமெல்லாம் அப்புறம். தாமல் ஏரி நிரம்புகிறது என்று தெரிந்தால் போதும், "ஜெனரேட்டரை மேல ஏத்துங்கப்பா" என்று எல்லோருக்கும் போன் வரும். மொபெட் சத்தம் கேட்டாலே "அபசகுனம் வந்துக்கினு இருக்குது" என்று சிரித்தோமே, மறந்துவிட்டதா? அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான்.

என் லாட்ஜுக்கு அவர் முதன்முதலாக வந்தது ஒரு மதிய வேளை. "எத்தினி வருசமா இங்க இருக்கம்மா?" என்று கேட்டார். "இருபத்தெட்டு வருசம் சார். கண்ண மூடிக்கினு நடப்பேன்" என்றேன். வாய்க்கொழுப்பு. "அப்படியா, வா பாக்கலாம்" என்று என்னை இரண்டாம் மாடிக்கு அழைத்துப்போய், தன் துண்டைக் கொடுத்து, அறை சுத்தம் செய்யும் சாந்தியை விட்டு என் கண்ணைக் கட்டச் சொன்னார். "எங்கியும் புகை. குனிஞ்சுக்கினு போ, பின்படியக் கண்டுபிடி." சுவரைத் தடவித் தடவி வீறாப்பாகத்தான் போனேன். நெற்றி இரும்பில் மோதியது. திரும்பினேன். எது முன், எது பின் என்று தெரியவில்லை. நானே பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்த நடையில் எனக்கு வழி தெரியவில்லை. "அவுத்து விடுங்க, அவுத்து விடுங்க" என்று கத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பீரோ எதுக்கும்மா இங்க?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். அந்தப் பின்படியைக் கட்டித் திறந்த வருடம்தான் என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரி மோதிப் போனார். வாஸ்து பார்க்க வந்தவர், "கன்னி மூலையில வாசல் வெச்சா ஆம்பள தங்கமாட்டான், கனமா எதையாவது வெச்சு அடைச்சிடு" என்றார். மறுநாளே பீரோவை வைத்தேன். எனக்கு இருப்பது ஒரே மகன். அவனும் அதே சாலையில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறான்.

"உன் பயத்த நான் தப்புன்னு சொல்லமாட்டேம்மா" என்றார் சார். "ஆனா அது உன் பயம். ரூம்ல படுத்துக்கினு இருக்கிறவனுக்கு அது தெரியாதே."

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். "பீரோவ நவுத்திட்டியாம்மா?" "நவுத்திட்டேன் சார்" என்றேன். நா கூசவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த நம் லாட்ஜ்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "வசந்தாம்மாவே திறந்துட்டாங்க, உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்று உங்களைத் திட்டினாரே! நீங்கள் கை தட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு சிலர் போய் உங்கள் பின்கதவுகளைத் திறந்தீர்கள். கோபியும் அப்படித் திறந்தவன்தான்.

அவன் லாட்ஜில் ஏசி புகைந்தது அதற்குப் பிறகு. பகல் பதினொரு மணி. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கல்யாண வீட்டார் மாடியில் இருந்தார்கள். முன்படி முழுக்கக் கரும்புகை. எல்லோரும் பின்படி வழியாக இருமிக்கொண்டே இறங்கியதை என் பால்கனியிலிருந்து பார்த்தேன். பெண்ணின் அம்மா மட்டும், "ஐயோ, புடவைங்க உள்ள இருக்குது!" என்று திரும்பி ஓடினார். எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்த ஏகாம்பரம் சார், "பொண்ணு வெளிய நிக்கிது பாரும்மா!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு ஒவ்வொரு தலையாக எண்ணினார். நான் கீழே போனபோது இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். "எனக்கும் பயந்தாம்மா. பயம் போன அன்னிக்கு இந்த வேலைய விட்டுடுவேன்" என்றார். என் கட்டிடத்தை நிமிர்ந்து பார்த்து, "நல்லவேளை, உன்னுது திறந்திருக்குது" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். லாட்ஜுக்குத் திரும்பி, மாடியேறிப் பீரோவில் கை வைத்தேன். மகன் முகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அவர் செத்துப்போன சேதி வந்த காலையில்தான் சாந்தியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தள்ளினோம். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் வெளிச்சம் வந்தது. மகனுக்குப் போன் போட்டேன். இந்தப் பதினைந்து நாளும் அவன் வீடு திரும்பும்வரை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். "வண்டி ஓட்டறப்ப இப்படிப் போன் பண்ணிக்கினே இருந்தாதாம்மா நான் வுழுவேன்" என்கிறான். பயம் போகவில்லை. கதவையும் மூடவில்லை. சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயம்தான். முன்பு என் வீட்டு ஆளுக்காக மட்டும் பயந்தேன். இப்போது எந்த ஊர்க்காரரோ சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

எழுதிக் கொண்டுவந்த தாள் இத்தோடு முடிகிறது. ஆனால் உட்கார்ந்திருந்தபோது இந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். முன்வாசல் ஒன்று இருக்கிறது. பின்வாசலும் ஒன்று இருக்கிறது, இதோ இந்த ஜரிகைத் துணிக்குப் பின்னால். அதற்குக் குறுக்கேதான் மேஜை போட்டு, ஏகாம்பரம் சாரின் படத்தை வைத்து, மாலை சாத்தி, விளக்கேற்றியிருக்கிறோம்.

கோபி, எழுந்து வாப்பா. முதலில் விளக்கை அணை. அப்புறம் மேஜையை அந்தப் பக்கம் பிடி.