முதலில் விழப்போவது யார்?

நம்ப மறுப்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்கப் போவதில்லை. நான் ஒருவன் மட்டும் கேட்டிருந்தால், காதில் ஏதோ கோளாறு என்று நானே விட்டிருப்பேன். ஆனால் அந்த ஞாயிறு மதியம் மார்ஷ்ஃபோர்ட் ஆலயத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. இன்றைக்கும் எங்கள் ஊரில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

என் பெயர் யாபேஸ் ஃபென். பாஸ்டனுக்கு வடக்கே இரண்டு நாள் நடையில் இருக்கிறது எங்கள் ஊர். நாங்கள் ப்யூரிட்டன்கள், ஆடம்பரம் எதையும் ஏற்காத கண்டிப்பான கிறிஸ்தவர்கள். எங்கள் ஆலயத்தில் சிலுவை கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது, குளிருக்கு ஓர் அடுப்புகூடக் கிடையாது. பிரசங்கம் உண்டு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதில் தூங்குகிறவர்களை எழுப்புவது என் வேலை. கையில் நீளமான கோல் வைத்திருப்பேன். ஒரு முனையில் மரக்குமிழ். ஆண்கள் தூங்கினால் மண்டையில் ஒரு தட்டு. மறுமுனையில் நரிவால், பெண்கள் தூங்கினால் மூக்கில் ஒரு தடவல்.

எலியாகீம் தார்ன் எங்களுக்குப் போதகராக வந்த பிறகு என் கோலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நரகத்தைப் பற்றி அவர் பேசப் பேச ஒருவரும் தூங்கவில்லை. ஆலயத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் தூங்கவில்லை.

என் தங்கை கெத்தூரா சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். பதினேழு வயது. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். சோளக்கூழை முன்னால் வைத்தால் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எதுக்குண்ணா சாப்பிடணும்? நான் எங்க போகப்போறேன்னுதான் முடிவாயிடுச்சே."

"யாருடி முடிவு பண்ணது?"

"ஆண்டவர். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே."

பால் கறக்கப் போகிறேன் என்று கிளம்புவாள். தேடிப் போனால் உறைந்த குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பாள். இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

போதகரிடமே பேசிவிடுவது என்று சனிக்கிழமை மதியம் ஆலயத்துக்குப் போனேன். மேடையில் நின்று, காலி பெஞ்சுகளைப் பார்த்து மறுநாள் பிரசங்கத்தைப் பழகிக்கொண்டிருந்தார். ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். முதலில் உரக்க. பிறகு நடுக்கத்தோடு. கடைசியில், பக்கத்து வீட்டுக்காரனிடம் மழை வரும் என்று சொல்வதுபோல, சாதாரணமாக. அந்தக் கடைசி விதம்தான் என் முதுகைச் சில்லிட வைத்தது.

"ஐயா, என் தங்கச்சி சாப்பிட மாட்டேங்குறா. நாளைக்குக் கொஞ்சம் இரக்கமா ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

"பயம் நல்லது, யாபேஸ். பயந்தவன்தான் ஓடிப்போய் ஆண்டவர் கதவத் தட்டுவான்."

"அவ கதவு பக்கம் ஓடல ஐயா. குளத்துப் பக்கம் ஓடுறா."

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு புன்னகைத்தார். "நான் கத்துறேனா, சொல்லு. கத்தினா ஜனங்க காதைப் பொத்திக்குவாங்க. குரலை இறக்கினா முன்னால சாய்வாங்க. சாய்ஞ்சு நிக்கிறவங்களத் தள்ள ஒரு விரல் போதும்."

திரும்பி வாசலை நோக்கி நடந்தேன். எனக்குப் பின்னால் அவர் மறுபடி தொடங்கினார்.

"நீங்கள் உறைந்த குளத்தின் மேல் நடக்கிறீர்கள். பனிக்கட்டி உங்களைத் தாங்குகிறது என்று நினைக்கிறீர்கள். தாங்கவில்லை... பொறுத்துக்கொண்டிருக்கிறது. உங்களில் முதலில் விழப்போவது யார்?"

நிறுத்தினார். நீளமான நிறுத்தம்.

அப்போது, என் தலைக்கு மேலே, பெண்பிள்ளைகள் உட்காரும் மாடியிலிருந்து...

"நான்."

மெல்லிய குரல். குழந்தைக் குரல்.

போதகர் திடுக்கிடவில்லை. கண்களை மூடினார். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவர்போல் மூச்சு விட்டார். அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

நான் படியேறி ஓடினேன். மாடியில் யாரும் இல்லை. கடைசி பெஞ்சில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஈரம். என் தாடியே உறைந்து நின்ற குளிர் அது. அந்தத் தண்ணீர் உறையவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

"இறங்கி வா, யாபேஸ்" என்றார் போதகர் கீழேயிருந்து. "அங்க யாரும் இல்ல."

நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் கெத்தூராவை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். "வராம இருந்தா அபராதம் போடுவாங்க. அதோட, என்னப் பத்தித்தான் பேசப்போறாரு. நான் கேக்க வேண்டாமா?" என்றாள். எனக்கு முன்னால் நடந்துபோய் மாடியில் ஏறினாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காலைப் பிரசங்கம் அமைதியாகக் கழிந்தது. மதியம் வானம் இருண்டு பனி கொட்டத் தொடங்கியது. ஒவ்வொரு வாயிலிருந்தும் புகைபோல மூச்சு. போதகர் மேடையேறி, மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். குரலை இறக்கினார். சொன்னதுபோலவே, ஊர் முழுக்க முன்னால் சாய்ந்தது. கொல்லர் ஒருவர், எருதைக் கொம்பில் பிடித்து நிறுத்துகிறவர், வாய்விட்டு அழுதார்.

பிரசங்கத்தில் பனிக்கட்டி வந்தது. பொறுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் வந்தது.

"உங்களில் முதலில் விழப்போவது யார்?"

நிறுத்தினார்.

மாடியில் கெத்தூரா எழுந்து நின்றாள்.

அவள் கண் எதையும் பார்க்கவில்லை. உதடு பிரிந்தது. சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. சொல்லிவிட்டால் நேராக எங்கே போவாள் என்றும் தெரிந்தது. கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதிப் படியில்...

"நான்."

கெத்தூராவின் குரல் இல்லை.

எல்லாத் தலைகளும் திரும்பின. கெத்தூரா சட்டென்று உட்கார்ந்தாள்... யாரோ இழுத்து உட்கார வைத்ததுபோல.

போதகர் கண்களை மூடியிருந்தார். அடுத்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தார்.

குரல் மறுபடி வந்தது.

"நான்தான்னு எத்தனை தடவை சொல்றது?"

யாரும் அசையவில்லை.

"இவங்களை எல்லாம் எதுக்குக் கேக்குற?"

சொட்... சொட்... மாடியிலிருந்து கீழ்ப் பெஞ்சுகளின் மேல் தண்ணீர் விழுந்தது.

போதகரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மணல் தீர்ந்தது. அவர் திருப்பி வைக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கினார். எங்கள் நடுவே நடந்து, கதவைத் திறந்து, மேலங்கிகூட இல்லாமல் பனிக்குள் போய்விட்டார். மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

அன்று மாலை கெத்தூரா கூழ் கேட்டாள். இரண்டு கிண்ணம் குடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு இருந்தாண்ணா. பாவாடையப் பிடிச்சு இழுத்தா. கை சில்லுனு இருந்துச்சு, ஒரே ஈரம். 'நீ உக்காரு'ன்னா. அவ்வளவுதான்."

"யாரு வீட்டுப் பிள்ளை?"

"நம்ம ஊர்ப் பிள்ளை இல்ல."

அதற்குப் பிறகு அவள் குளத்தோரம் போய் நின்றதில்லை.

வசந்தத்தில் போதகரின் மேலங்கியையும் புத்தகங்களையும் அவர் பிறந்த எல்ம்பரோவுக்கு எடுத்துப் போனேன். அவருடைய சொந்தக்காரர் ஒருவரும் மிஞ்சவில்லை. பக்கத்துப் பண்ணையில் தபீத்தாள் என்ற விதவை வாங்கி வைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. மேலங்கியை மடித்தபடியே இருந்தார்.

"பதினோரு வயசுலயே பிரசங்கம் பண்ணுவான் தம்பி. கொட்டகையில ஆப்பிள் சைடர் பீப்பாயக் கவுத்துப் போட்டு மேல ஏறி நிப்பான். என்ன பேச்சு! நான் இந்தப் பக்கம் பால் கறந்துகிட்டே கேப்பேன். பெரியவங்க மாதிரியே நிறுத்தி நிறுத்திப் பேசுவான். எனக்குச் சிரிப்பு சிரிப்பா வரும்."

"அப்புறம்?"

"தங்கச்சிக்காரிக்கு அஞ்சு வயசு. பேஷன்ஸ்னு பேரு. அண்ணன் என்ன சொன்னாலும் அவளுக்கு வேதம். மறுநாள் காலையில அவளக் காணோம். குளத்துல பனிக்கட்டி உடைஞ்சு கிடந்துச்சு. சின்ன ஓட்டைதான்."

அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"முந்தின நாள்தான் கேட்டிருந்தான். 'உங்களில் முதல்ல விழப்போறது யாரு'ன்னு... எட்டிப் பார்த்தேன். கொட்டகையில இருந்தது அவ ஒருத்திதான் தம்பி."