குக்கர் வெயிட்டு காணாமல் போன மூன்று நாள்

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக் குக்கரின் வெயிட்டு மூன்று நாள் காணாமல் போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான் என்பதில் எனக்கு அப்போது பெரிய பெருமை.

குக்கர் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வாலாஜாபாத்தில் வாங்கியது. அதுவரை பருப்பு அத்தையின் பொறுப்பு. அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்ததும் காவாந்தண்டலத்திலிருந்து எங்களோடு வந்து இருந்துவிட்டவர். விடியுமுன் எழுந்து, துவரம்பருப்பில் பூண்டும் மஞ்சளும் போட்டுக் குண்டானில் ஒரு மணி நேரம் வேகவைப்பார். குக்கர் வந்ததும் மூன்று விசிலில் வேலை முடிந்தது. “நீங்க படுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்” என்றாள் அம்மா. அத்தை படுக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து விசிலை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் வெயிட்டு தொலைந்தது. அம்மா அலமாரியெல்லாம் கலைத்துத் தேடினாள். நான் எடுத்து விளையாடினேனா என்று அதட்டினாள். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். அத்தை சத்தமில்லாமல் குண்டானை அடுப்பில் ஏற்றுவார்.

மூன்றாம் நாள் காலை, சீப்பு தேடி அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மடித்த புடவைக்குள் கனமாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“அம்மா, வெயிட்டு அத்தை பொட்டில கீதும்மா!”

அப்பா வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். “இன்னாக்கா இது?”

அத்தை கரண்டியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு வெயிட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நான்தாங்க. துணி மடிக்கசொல்ல அதோட சுருட்டி வெச்சிட்டேன் போல. வேல அவசரத்துல புத்தி எங்க நிக்கிது?” என்றாள். அத்தை பக்கம் திரும்பி, “குக்கர் பருப்பு கொழகொழன்னு கீது அண்ணி. உங்க தம்பிக்குப் புடிக்கல. நாளைலருந்து நீங்களே வேக வெச்சிடுங்க.”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

“சரிம்மா” என்றார் அத்தை.

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்கு அம்மாமேல் கோபம். அத்தையின் பெட்டியை அம்மா ஒருநாளும் தொட்டதில்லை. குக்கர் பருப்பை அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே மூச்சில் எதற்கு இரண்டு பொய், கண்டுபிடித்துக் கொடுத்த எனக்கு ஏன் ஒரு பாராட்டுகூட இல்லை என்று பொருமிக்கொண்டே நடந்தேன்.